காசு கொடுத்தாச்சே: குல்மார்க்கில் ஒரு குடும்பம், ஒரு முட்டி

(எபிசோடின் திருத்திய எழுத்து வடிவம். பேச்சுநடையைப் பெரும்பாலும் அப்படியே விட்டிருக்கிறோம்.)

போன மாசம் நம்ம லைவ் ஷோவுக்கு வந்தவங்க ஒரு விஷயத்தைக் கவனிச்சிருப்பீங்க. மேடைக்கு நாலே நாலு படி. அதை நான் கைப்பிடியைப் பிடிச்சுக்கிட்டு, ஒவ்வொரு படியா நின்னு நின்னு ஏறினேன். ஷோ முடிஞ்சதும் ஒரு தம்பி வந்து, "என்னக்கா, கால்ல என்ன?" என்று கேட்டார். "பனிச்சறுக்கு போனேன்பா" என்றேன். "செம! சுவிட்சர்லாந்தா?" "இல்ல, குல்மார்க்." அதோட பேச்சை மாத்திட்டேன். நாலு மாசமா எல்லார்கிட்டயும் இப்படித்தான் மாத்திக்கிட்டிருக்கேன். இன்னிக்கு முழுசா சொல்லப் போறேன். ஏன் சொல்றேன்னு கடைசியில் வருது.

நாங்க நாலு பேர். நான், என் வீட்டுக்காரர், ஒன்பது வயசுப் பொண்ணு, என் அம்மா. இந்த ஆசை ஆரம்பிச்சது பொண்ணால. 2022 பெய்ஜிங் குளிர்கால ஒலிம்பிக்ல இந்தியாவுக்காகப் போனது ஒரே ஒருத்தர்தான், ஆரிஃப் கான். குல்மார்க்குக்குக் கீழே இருக்கிற டங்மார்க் பக்கத்துக்காரர். ஒரே ஆளா கொடியைத் தூக்கிட்டு வந்ததை டிவியில் பார்த்துட்டு, "இவருக்கு ஃப்ரெண்ட்ஸே இல்லையாம்மா?" என்று கேட்டாள். அப்போலேர்ந்து பனி, பனி, பனி.

2024 பொங்கல் லீவுக்குத் திட்டம் போட்டோம். காஷ்மீர்ல டிசம்பர் 21லிருந்து நாப்பது நாளுக்கு ‘சில்லை கலான்’ என்று பேர். உச்சக்கட்டக் குளிர்காலம். அந்த நாப்பது நாளில் விழுற பனிதான் நிக்கும் என்பார்கள். ஆனா அந்த வருஷம் ஜனவரியில் விழவே இல்லை. செய்தியில் படம் பார்த்திருப்பீங்க. வெள்ளை வெளேர்னு இருக்க வேண்டிய குல்மார்க் புல்வெளி, நம்ம ஊர் மே மாச கிரிக்கெட் கிரவுண்ட் மாதிரி பழுப்பா கிடந்தது. பிளைட் டிக்கெட்டை மாத்த ஒரு தொகை, ஹோட்டல் அட்வான்ஸில் பாதி காலி. என் வீட்டுக்காரர் எக்செல் ஷீட் போடுற ஆளு. பிப்ரவரிக்கு மாத்தி முடிச்சப்போ கடைசிக் கட்டத்தில் மூணு லட்சம் என்று காட்டியது. அந்த நம்பரை ஞாபகம் வெச்சுக்கோங்க. என் முட்டி போனதுக்குப் பாதிக் காரணம் அதுதான்.

ஜனவரி கடைசியில் பனி வந்தது. பிப்ரவரி ரெண்டாவது வாரம் நாங்க வந்தோம்.

ஸ்ரீநகரிலிருந்து குல்மார்க் ஐம்பது கிலோமீட்டர்தான். ஆனா டங்மார்க் வரைக்கும்தான் சாதாரண டாக்ஸி. அதுக்கு மேல டயருக்குச் சங்கிலி கட்டின வண்டி, இல்லன்னா ஃபோர் வீல் டிரைவ். போறவங்களுக்கு இன்னொரு விஷயம்: வெளிமாநில ப்ரீபெய்ட் சிம் அங்கே வேலை செய்யாது. போஸ்ட்பெய்ட் மட்டும்தான். எங்க நாலு பேர்ல ஆபீஸ் கொடுத்த என் நம்பர் ஒண்ணுதான் உயிரோட இருந்தது. மத்தவங்களுக்கு ஹோட்டல் வைஃபைதான்.

அம்மாவைப் பத்தி ஒரு நிமிஷம் சொல்லியே ஆகணும். அறுபத்தொரு வயசு. "நான் எதுக்குடி அங்க?" என்று முனகிக்கிட்டே பருப்புப் பொடி, ஊறுகாய், ரசப் பொடி எல்லாம் கட்டிக்கிட்டு வந்தாங்க. முதல் நாள் ‘நூன் சாய்’ கொடுத்தாங்க. ரோஸ் கலர் டீ, உப்புப் போட்டது. ஒரு வாய் குடிச்சுட்டு, "டீன்னு நெனச்சா குடிக்க முடியாது, கஞ்சின்னு நெனச்சா நல்லாத்தான் இருக்கு" என்றார். ரெண்டாவது நாளே ஹோட்டல்காரங்க ஒரு காங்கிரி கொடுத்துட்டாங்க. மண்சட்டியில் தணல் போட்டு, சுத்திப் பிரம்புக் கூடை பின்னியிருக்கும். அதை மடிகிட்ட வெச்சுக்கிட்டு ஜன்னல் ஓரம் உக்காந்தவங்கதான். அந்த டிரிப்பை முழுசா அனுபவிச்ச ஒரே ஆள் அவங்க.

சரி, சறுக்கு. ஸ்கீ பூட்ஸ் யாராவது போட்டிருக்கீங்களா? ஷூ இல்லை அது. பிளாஸ்டிக்கில் செஞ்ச ஒரு சின்ன ஜெயில். கணுக்கால் அசையாது, முட்டியை முன்னாடி மடக்கித்தான் நிக்க முடியும். அதுல நடக்கிறப்போ ரோபோ சங்கரா, ரோபோ ரஜினியான்னு ஒரு சந்தேகம் வரும். எங்களுக்கு வந்த இன்ஸ்ட்ரக்டர் நாப்பது வயசு இருக்கும், உள்ளூர்க்காரர், அளந்து பேசுற மனுஷன். பேரு வேண்டாம். பொண்ணு வெச்ச பேர் ‘ஸ்கீ அங்கிள்’, அதையே வெச்சுக்கலாம்.

அவர் முதல்ல சொல்லிக்கொடுத்தது பீட்சா. ரெண்டு ஸ்கீயோட முன் நுனியைச் சேர்த்து, பின்பக்கத்தை விரிச்சா பீட்சா துண்டு மாதிரி வரும். அதுதான் பிரேக். ரெண்டையும் நேரா வெச்சா ஃப்ரெஞ்ச் ஃப்ரைஸ், வேகம். உலகம் முழுக்கக் குழந்தைகளுக்கு இப்படித்தான் சொல்லித் தர்றாங்களாம். நாலு நாளும், "மேடம், பீட்சா! மேடம், முன்னாடி சாயுங்க!" என்ற குரல்தான். முன்னாடி சாயறதுதான் இதுல கஷ்டமே. சரிவுல நிக்கிறப்போ உடம்பு தன்னால பின்னாடி போகும். பயம் அப்படித்தான் வேலை செய்யுது. ஆனா பின்னாடி சாஞ்சா ஸ்கீயோட முன்பக்கம் பிடிப்பை விட்டுடும். திருப்பவும் முடியாது, நிறுத்தவும் முடியாது.

பொண்ணு ரெண்டாவது நாளே சரசரன்னு திரும்ப ஆரம்பிச்சுட்டா. என் வீட்டுக்காரர் விழுந்தார், எழுந்தார், விழுந்தார், சிரிச்சார். எனக்கு வந்துச்சு. உண்மையிலேயே வந்துச்சு. மூணாவது நாள் ஆரம்பச் சரிவில் எட்டுத் திருப்பம் விழாம போட்டேன். நாலாவது நாள் சாயங்காலம் ஸ்கீ அங்கிள்கிட்ட கேட்டேன், "நாளைக்கு கொண்டோலா டிக்கெட் போட்டிருக்கோம். மேல போய் அங்கேர்ந்து சறுக்கிட்டு வரலாமா?" அவர் யோசிக்கவே இல்லை. "இன்னும் ரெண்டு மூணு நாள் இங்கேயே பழகணும் மேடம். மேலே வேற பனி. நாளைக்கு எனக்கு வேற ஆட்கள் இருக்காங்க. நீங்க போய் வேடிக்கை பாருங்க, டீ குடிங்க, கேபிள் காரிலேயே இறங்கி வந்துடுங்க."

அஞ்சாவது நாள் எங்களுக்குக் கடைசி நாள். வீட்டுக்காரருக்குத் தலைவலி, அம்மாவோடு ஹோட்டல்லயே இருக்கேன் என்றார். நானும் பொண்ணும் மட்டும் கிளம்பினோம். "மேல போய்ப் பார்த்துட்டு, மேகி சாப்பிட்டு வந்துடறோம்" என்றேன். எங்க ஸ்கீ, பூட்ஸ் எல்லாம் ஹோட்டல்ல இல்லை, கொண்டோலா பக்கத்துல வாடகைக் கடையில் இருந்தது. சாயங்காலம் வரைக்கும் காசு கட்டியாச்சு. காசு கட்டியாச்சு. இந்த ரெண்டு வார்த்தை என் மண்டைக்குள்ள எப்படிச் சுத்திச்சுன்னு சொல்ல முடியாது. மூணு லட்சம் செலவு பண்ணி, மலைமேல ஒரு தடவைகூடச் சறுக்காம ஊருக்குப் போறதா?

கடையில் பூட்ஸை மாட்டுறப்போ பொண்ணு கேட்டாள், "அப்பாகிட்ட சொன்னோமா?" நான் சொன்னேன், "அப்பாகிட்ட இப்ப சொல்ல வேணாம் கண்ணு. வந்து வீடியோ காட்டலாம், சர்ப்ரைஸ்." அவள் ஒண்ணும் பேசலை. ஹெல்மெட் கிளிப்பைப் போட்டுக்கிட்டாள்.

குல்மார்க் கொண்டோலாவுக்கு ரெண்டு கட்டம். முதல் கட்டம் கொங்டூரி வரைக்கும், ரெண்டாவது அஃபர்வட் மலையில் கிட்டத்தட்ட நாலாயிரம் மீட்டர் உயரத்துக்கு. நாங்க போனது முதல் கட்டம்தான். ‘ரெண்டாவதுக்கா போறேன், முதல் கட்டம்தானே’ என்பதுதான் நான் எனக்கே சொல்லிக்கிட்ட சமாதானம். ஆனா கணக்குப் போடுங்க. நாங்க பழகின சரிவு மொத்தமா ஒரு அஞ்சு மாடி உயரம் இருக்கும். கொங்டூரியிலிருந்து கீழே வர்றது நானூறு மீட்டர் இறக்கம். நூறு மாடிக்கும் மேல.

முதல் கொஞ்ச நேரம் சொர்க்கம். ரெண்டு பக்கமும் பைன் மரம், கிளையெல்லாம் பனி, சத்தமே இல்லை. பொண்ணு முன்னாடி பீட்சா போட்டுக்கிட்டே போறா. நான் பின்னாடி. வாழ்க்கையில் அவ்வளவு சந்தோஷமா இருந்தது ரொம்பக் கம்மி. அதையும் சொல்லணும், இல்லன்னா கதை பொய்யாயிடும்.

அப்புறம் மேகம் வந்தது. வெயில் போனா பனியில் மேடு பள்ளம் தெரியாது, எல்லாம் ஒரே வெள்ளை. தரையும் அங்கங்கே இறுகி ஐஸா இருந்தது. பின்னாடி யாரோ ஸ்னோபோர்டில் வர்ற சத்தம் கேட்டுது. ஒதுங்கணும்னு நெனச்சேன். உடம்பு பின்னாடி சாஞ்சுது. அவ்வளவுதான், வேகம் பிடிச்சிடுச்சு. உக்கார்ற மாதிரி விழுந்தேன். விழுந்தவ அப்படியே விழுந்து தொலைச்சிருக்கணும். வழுக்கிட்டே எழுந்திருக்கப் பார்த்தேன். வலது ஸ்கீ ஒரு பக்கம் மாட்டி, நான் ஒரு பக்கம் போக, முட்டிக்குள்ள ‘டப்’புனு ஒரு சத்தம். ஈரத் துண்டை உதறுற மாதிரி. ஸ்கீ கழலவே இல்லை.

முப்பது நாப்பது மீட்டர் கீழே நின்னு பொண்ணு திரும்பிப் பார்த்தாள். "அம்மா?" எனக்கு வாயே வரலை.

அவள் பக்கவாட்டில் ஒவ்வொரு அடியா வெச்சு மேலே ஏறி வந்தாள். முதல் நாள் சொல்லிக்கொடுத்த மாதிரியே. வந்து என்னைத் தாண்டி இன்னும் கொஞ்சம் மேலே போனாள். தன்னோட ரெண்டு ஸ்கீயையும் கழட்டி, பனியில் குறுக்கும் நெடுக்குமா, எக்ஸ் மாதிரி குத்தி நட்டாள். எனக்கு ஒண்ணும் புரியலை. அடிபட்டவங்க இருக்கிற இடத்துக்கு மேல்பக்கம் அப்படி நட்டா, வர்றவங்களுக்கு ‘இங்க ஒருத்தர் கிடக்காங்க, விலகிப் போங்க’ன்னு அர்த்தம். ரெண்டாவது நாள் ஸ்கீ அங்கிள் விளையாட்டு மாதிரி சொல்லிக்கொடுத்தாராம். நான் அப்போ செல்ஃபி எடுத்துக்கிட்டிருந்திருப்பேன்.

பதினஞ்சு நிமிஷம் அந்த ஐஸில் கிடந்தேன். அந்த வழியா வந்த ஒரு உள்ளூர்ப் பையன் எக்ஸைப் பார்த்து நின்னு, மீட்புக் குழுவுக்குப் போன் பண்ணினான். என்னை ஸ்லெட்ஜில் படுக்க வெச்சுக் கட்டி இறக்கினாங்க. பொண்ணு பின்னாடியே சறுக்கி வந்தாள், முழு மலையும் பீட்சா. அவள் அழவே இல்லை. நான்தான் அழுதேன்.

இதுவரைக்கும் சொன்னது விபத்து. எல்லாருக்கும் நடக்கும். இனிமே சொல்லப் போறதுதான் எனக்குக் கஷ்டம்.

ஹோட்டல் ரிசப்ஷனுக்குப் போன் பண்ணி, அவங்க போய்ச் சொல்லி, என் வீட்டுக்காரர் வெறும் கான்வாஸ் ஷூவில் பனியில் ஓடி வந்தார். என் காலைப் பார்த்தார். பூட்ஸைப் பார்த்தார். "ஸ்கீ பண்ணியா? இன்ஸ்ட்ரக்டர் எங்க?" என்றார். நான் சொன்னேன், "அவர் முன்னாடி போயிட்டாருங்க. எங்களைக் கவனிக்கலை."

எப்படி வந்துச்சு அந்த வாக்கியம்னு எனக்கு இன்னமும் தெரியலை. யோசிச்சுச் சொல்லலை. ஆனா சொன்னேன்.

ஹோட்டலுக்கு வந்ததும் அவர் ரிசப்ஷன் போனை வாங்கி ஸ்கீ அங்கிளைக் கூப்பிட்டு கத்தினார். டூரிசம் ஆபீஸ்ல கம்ப்ளைண்ட் கொடுப்பேன், உன் லைசென்ஸ் போயிடும்னு, அவருக்குத் தெரிஞ்ச இந்தியில் என்னவெல்லாம் உண்டோ எல்லாம். நான் பக்கத்து சோபாவில் கால் நீட்டிக் கிடந்தேன். வாயைத் திறக்கலை. அந்தப் பக்கம் அவர் சொன்னது ஒண்ணுதானாம்: "நான் வர்றேன் சார்."

அரை மணி நேரத்தில் வந்துட்டார். தொப்பியில் பனி. கதவுகிட்டயே நின்னார். வீட்டுக்காரர் மறுபடி ஆரம்பிச்சார். அப்போ பொண்ணு பாட்டி மடியிலிருந்து எழுந்து சொன்னாள், "ஸ்கீ அங்கிள் வரவே இல்லப்பா. அம்மாவும் நானும்தான் போனோம். அம்மா சொல்ல வேணாம்னு சொன்னா."

அந்த ரூமில் ஹீட்டர் சத்தம் மட்டும்தான் கேட்டுது.

அவர் என்னைத் திட்டலை. பக்கத்தில் வந்து மண்டி போட்டு முட்டியைப் பார்த்தார். "பைண்டிங் திறந்துச்சா மேடம்?" "இல்ல." தலையை ஆட்டிக்கிட்டார். ஐஸ் வைங்க, தலையணை மேல காலைத் தூக்கி வைங்க, இதை வெச்சு நடக்காதீங்க என்றார். நான் மன்னிப்புக் கேட்டேன். அவர் சொன்னதை வார்த்தைக்கு வார்த்தை சொல்ல முடியாது. ஜனவரி முழுக்கப் பனி இல்லை, ஒரு நாள்கூட வேலை இல்லை, இப்போ கிடைச்சது சில வாரம், அதுல இப்படி ஒரு பேர் வந்தா அடுத்த சீசனும் போயிடும். அதுதான் அர்த்தம். கோபமாச் சொல்லலை. விலைவாசியைப் பத்திப் பேசுற மாதிரி சொன்னார். என் வீட்டுக்காரர் எழுந்து போய் அவர் கையைப் பிடிச்சுக்கிட்டார். என் பக்கம் திரும்பவே இல்லை.

ஊருக்கு வர்ற வரைக்கும் வீல்சேர்தான். ஏர்போர்ட்டில் அவர்தான் தள்ளினார், தண்ணி வாங்கிக் கொடுத்தார், மாத்திரை கொடுத்தார், பேசலை. அம்மா மட்டும் ஒண்ணு சொன்னாங்க: "விழுந்ததுக்கு யாரும் உன்னைக் கேக்கப் போறதில்லடி."

சென்னையில் எம்.ஆர்.ஐ. எடுத்தோம். ஏ.சி.எல். முழுசாப் போயிருந்தது. முட்டிக்குள்ள குறுக்கே இருக்கிற ஜவ்வு. ஸ்கீயில் இதுதான் ரொம்ப சகஜமாப் போற ஜவ்வாம், அதுவும் பின்னாடி சாஞ்சு உக்கார்ற மாதிரி விழுறப்போ. பைண்டிங்கைப் பத்தியும் டாக்டர்கிட்ட கேட்டேன். பூட்ஸையும் ஸ்கீயையும் சேர்க்கிற கிளிப்தான் பைண்டிங். எவ்வளவு விசை வந்தா கழலணும்னு அதுல ஒரு நம்பர் வைக்கலாம். எடை, உயரம், வயசு, பூட்ஸோட நீளம், பழகினவரா புதுசா, எல்லாம் பார்த்து வைக்கணும். என்னை மாதிரி அறுபது கிலோ புதுசுக்கு நாலு அஞ்சு கிட்ட இருக்கலாம். நான் எடுத்த போட்டோவைப் பெருசு பண்ணிப் பார்த்தேன், எட்டில் இருந்தது. கடைக்காரர் என் எடையைக் கேட்கலை. நானும் ‘கேட்கலையே’ன்னு கேட்கலை. ஆனா டாக்டர் இதையும் சொன்னார்: சரியான நம்பர் வெச்சிருந்தாலும் இந்த மாதிரி விழுந்தா ஜவ்வு போகலாம், பைண்டிங் முக்கியமாகக் காப்பாத்துறது கால் எலும்பைத்தான். அதனால கடைமேல பழி போட்டுத் தப்பிக்கவும் எனக்கு வழியில்லாமப் போச்சு.

முட்டி வீக்கத்தோட சோபாவில் கிடக்கிறப்போதான் பிப்ரவரி 22 அன்னிக்கு அந்தச் செய்தி வந்தது. குல்மார்க்கில் பனிச்சரிவு, ஒரு ரஷ்ய ஸ்கீயர் இறந்துட்டார். நாங்க போன இடம் இல்லை, ஸ்கீ பாதைக்கு வெளியே. ஆனா வீட்டுக்காரர் அன்னிக்கு டிவியை அணைச்சுட்டு வந்து பக்கத்துல உக்காந்தார். ஒரு வாரம் கழிச்சு முதல் தடவையா பேசினார். "எனக்கு நீ போனதுகூட இல்ல. அந்த ஆளை நான் என்ன பேச்சு பேசினேன் தெரியுமா? உன்னை நம்பிப் பேசினேன்." நான் ஒண்ணும் சொல்லலை. சொல்ல என்ன இருக்கு?

மார்ச்சில் ஆபரேஷன். தொடைக்குப் பின்னாடி இருக்கிற தசைநாரை எடுத்து ஜவ்வு இருந்த இடத்துல வெச்சாங்க. ஆபீஸ் இன்சூரன்ஸ் கொடுத்துச்சு. இது பலருக்குத் தெரியாது: ஹெல்த் பாலிசியில் ‘சாகச விளையாட்டு’ன்னு ஒரு விலக்கு வரும், வழக்கமான வாசகத்தில் அது தொழில்முறையா விளையாடுறவங்களுக்குத்தான். டிராவல் பாலிசி வேற கதை, அதுல என்ன எழுதியிருக்குன்னு கிளம்புறதுக்கு முன்னாடி படிங்க. இப்போ மூணு மாசம் ஆச்சு. பிசியோதெரபி வாரம் மூணு நாள். ஓட, குதிக்க ஒன்பது மாசமாவது ஆகும் என்கிறார்கள். ஸ்கீ அங்கிளுக்கு நாங்க அந்த அஞ்சாவது நாளுக்கும் சேர்த்துப் பணம் அனுப்பினோம். அஞ்சாவது நாள் பணத்தைத் திருப்பி அனுப்பிட்டார். பொண்ணு சறுக்குற ஒரு வீடியோ அனுப்பியிருந்தார். நான் எடுக்காத வீடியோ.

வந்ததிலேர்ந்து சொந்தக்காரங்க, ஆபீஸ், பக்கத்து வீடு, எல்லார்கிட்டயும் ‘பனியில் வழுக்கிட்டேன்’ என்றுதான் சொல்லிக்கிட்டிருந்தேன். போன வாரம் என் நாத்தனார் வீட்டுக்கு வந்தப்பவும் அதையே சொன்னேன். அவங்க போனதும் பொண்ணு ரூமுக்கு வந்து நின்னாள். "நான் எக்ஸ் வெச்சேன்ல, அதை நீ யார்கிட்டயுமே சொல்லலை."

யோசிச்சுப் பாருங்க. வழுக்கி விழுந்த கதையில் அந்த எக்ஸுக்கு இடமே இல்லை. எக்ஸைச் சொல்லணும்னா மலையைச் சொல்லணும், மலையைச் சொன்னா மிச்சத்தையும் சொல்லணும்.

ரெக்கார்டிங்குக்கு முன்னாடி இதை அவளுக்குப் படிச்சுக் காட்டினேன். வீட்டுக்காரரும் இருந்தார். ரெண்டு பேரும் கடைசி வரைக்கும் கேட்டாங்க. அவர் எழுந்து காபி போடப் போனார். பொண்ணு ஒரே ஒரு திருத்தம் சொன்னாள்: "பதினஞ்சு நிமிஷம்லாம் இல்லம்மா. அந்த அண்ணா சீக்கிரமே வந்துட்டாங்க. உனக்குத்தான் ரொம்ப நேரம் மாதிரி இருந்திருக்கும்."